இருட்டறைப் பையன்

இரண்டாம் உலகப் போரில் ஒரு யூதக் குடும்பத்துக்கு அடைக்கலம் கொடுத்த ரெஃபிக் என்ற முஸ்லிம் பையனைப் பற்றிக் குழந்தைகளுக்கு ஒரு கதை எழுதினேன். ரெஃபிக்கின் வயதைப் பத்தாகக் குறைத்துக் கொடுத்தால் கதையை உடனே அச்சுக்கு அனுப்பிவிடலாம் என்று ஒரு பதிப்பகத்திலிருந்து பதில் வந்தது. கூடவே இன்னும் இரண்டு யோசனைகள். அட்டையில் பிறையும் ஆறுமுனை நட்சத்திரமும் கைகோத்து நிற்க வேண்டும். மத நல்லிணக்கம் பற்றிப் பெரிய மனிதர் ஒருவரிடம் இரண்டு பக்க முன்னுரை வாங்க வேண்டும். மூன்றையும் மறுத்துவிட்டேன். பிறைக்கும் நட்சத்திரத்துக்கும் கை எங்கே இருக்கிறது என்று நான் கேட்டது பதிப்பாளருக்குப் பிடிக்கவில்லை போலும். அதன் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சே இல்லை.

கதை என் மேசையில் கிடக்கிறது. பத்து வயது என்று மாற்றினால் என்ன குறைந்துவிடும் என்று வீட்டிலும் கேட்கிறார்கள். எல்லாம் குறைந்துவிடும். பத்து வயதுப் பையனுக்குத் தொழில் தெரியாது. இந்தக் கதையில் தொழில்தான் எல்லாமே.

ரெஃபிக் வெசெலி நான் புனைந்த பையன் இல்லை. அல்பேனியாவில் க்ரூயா என்ற மலையூர் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. பதினாறு பதினேழு வயதில் தலைநகர் திரானாவில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் தொழில் கற்றுக்கொண்டிருந்தார். 1939 ஏப்ரலில் இத்தாலி அந்த நாட்டைப் பிடித்தது. 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தவுடன் ஜெர்மானியர்கள் உள்ளே நுழைந்தார்கள். அந்தச் சமயத்தில் மோஷே மாண்டில் என்ற யூதர் வேலை கேட்டு அந்த ஸ்டூடியோவுக்கு வருகிறார். யுகோஸ்லாவியாவின் நோவி சாட் நகரத்தில் சொந்தமாக ஸ்டூடியோ வைத்து நன்றாக வாழ்ந்தவர். 1941-இல் ஜெர்மனி யுகோஸ்லாவியாவுக்குள் புகுந்தபோது மனைவி கப்ரியேலா, மகன் காவ்ரா, மகள் இரேனாவோடு கிளம்பியவர். கொசோவோவின் ப்ரிஷ்டினாவில் சிறை, பிறகு அல்பேனியா என்று அலைந்து திரானாவுக்கு வந்து சேர்ந்திருந்தார். ஸ்டூடியோக்காரர் அவரைச் சேர்த்துக்கொள்கிறார். ஆனால் திரானாவில் தொடர்ந்து இருக்க முடியாது என்று ஆனபோது, எங்கள் ஊருக்கு வந்துவிடுங்கள் என்று சொன்னது அங்கே தொழில் கற்க வந்திருந்த பையன். பெற்றோரிடம் அனுமதி கேட்டுவிட்டு, நான்கு பேரையும் கோவேறு கழுதைகளில் ஏற்றி, இரவில் நடந்து, பகலில் குகைகளில் ஒளிந்து க்ரூயாவுக்குக் கூட்டிப்போய்விட்டார். 1944 நவம்பரில் அல்பேனியா விடுதலை ஆகும் வரை அவர்கள் வெசெலி வீட்டில்தான் இருந்தார்கள்.

நடந்தது இதுதான். இதில் தொழில் கற்க வந்த பையனை எடுத்துவிட்டுப் பாவம் பார்க்கும் பத்து வயதுக் குழந்தையை வைத்தால் அது வேறு கதை. அதை வேறு யாராவது எழுதிக்கொள்ளட்டும்.

என் அத்தா சேலம் கடைவீதியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். அதனால்தான் இத்தனை கோபம் என்று நினைக்கிறேன். படிக்கட்டு ஏறிப் போக வேண்டிய மாடிக் கடை. கீழே கண்ணாடிப் பெட்டிக்குள் மாதிரிப் படங்கள். உள்ளே இரண்டு திரைகள்: ஒன்றில் அரண்மனைப் படிக்கட்டு, இன்னொன்றில் ஏற்காடு ஏரி. மலைக்குப் போக வசதியில்லாத புது மணமக்கள் அந்த ஏரிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். ஊட்டியில் தயாரான ‘இந்து’ மார்க் பிலிம் வந்த பிறகு அத்தாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அதற்கு முன்பு வெளிநாட்டுச் சரக்குக்கு அலைந்த கதைகளை அவர் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

திரைக்குப் பின்னால், பிலிம் கழுவிப் படம் போடும் இருட்டறை. உள்ளே சிவப்பு விளக்கு எரிந்தால் வெளிக்கதவில் ஒரு செம்மண் நிறத் துணி தொங்கும். துணி தொங்கினால் மாவட்ட ஆட்சியரே வந்தாலும் கதவைத் திறக்கக் கூடாது. அத்தாவிடம் தொழில் கற்க வந்த பையன்களுக்கு முதல் பாடம் இதுதான். இரண்டாவது பாடம், முழு இருட்டில் கையால் பார்ப்பது. மேசையின் இடது பக்கம் படத்தை வெளிக்கொண்டு வரும் டெவலப்பர் தட்டு, நடுவில் தண்ணீர், வலது பக்கம் படம் அழியாமல் நிறுத்தும் ஹைப்போ. இந்த வரிசை மாறவே மாறாது. மாறினால் ஒரு கல்யாணமே காணாமல் போய்விடும். ஹைப்போவில் நனைத்த விரலை டெவலப்பரில் விட்ட பையன் அன்று மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போக மாட்டான், அவமானத்தில். முதல் வருடம் முழுக்கத் தட்டுக் கழுவுவதும் படங்களை ஓடும் தண்ணீரில் அலசுவதும் மட்டும்தான். நெகட்டிவ் மேல் கூர்ப் பென்சிலால் அம்மைத் தழும்பை மறைக்கும் டச்சிங் வேலை கைக்கு வர ஆண்டுகள் ஆகும். அத்தாவின் நகக்கண்கள் எப்போதும் பழுப்பாகவே இருக்கும். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும்போது எலுமிச்சைத் தோலால் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பார், போகாது.

இந்தப் பையன்கள் அத்தாவைப் பாய் என்று கூப்பிட்டார்கள். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் எங்கள் வீட்டில் எது நடந்தாலும் முதலில் அவர்களுக்குத்தான் தெரியும். ஒருமுறை கடன்காரர்கள் தேடி வந்தபோது அத்தாவை இருட்டறைக்குள் வைத்துத் துணியைத் தொங்கவிட்டு, "பிலிம் கழுவுகிறார், மூன்று மணி நேரம் ஆகும்" என்று சொல்லி அனுப்பியது பள்ளப்பட்டியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பையன். அவனுக்கு மீசை அப்போதுதான் முளைத்திருந்தது. ரெஃபிக்கைப் பற்றி முதன்முதலில் வாசித்தபோது எனக்கு அவன் முகம்தான் வந்தது.

கதையில் நான் செய்துகொண்ட உரிமை இங்கிருந்து வந்ததுதான். ரெஃபிக் இருட்டில் பொருள்களைத் தொட்டு அறியும் பழக்கத்தோடு மலைப்பாதையில் முன்னால் நடக்கிறான். யார் தட்டினாலும் கதவைத் திறக்காத ஒழுங்கை அவன் ஸ்டூடியோவில் கற்றிருக்கிறான். தும்மல் வந்தால் மூக்கின் எந்த இடத்தை அழுத்த வேண்டும் என்று இரேனாவுக்குச் சொல்லித்தருகிறான், ஏனென்றால் படத்தைப் பெரிதாக்கித் தாளில் போடும் என்லார்ஜரில் படம் விழும் நேரத்தில் தும்மினால் மேசை ஆடும். இதெல்லாம் என் கற்பனை. ஊர், ஆண்டு, யார் யாரோடு இருந்தார்கள், எப்படிப் போனார்கள், எப்போது வெளியே வந்தார்கள் என்பவற்றில் கை வைக்க மாட்டேன். பெரிய பெரிய வசனங்களையும் உண்மை மனிதர்கள் வாயில் திணிக்க மாட்டேன். தட்டுக் கழுவுவதையும் தும்மல் அடக்குவதையும் எழுதுவேன். வரலாற்றுக் கதை என்று பெயர் வைத்துக்கொண்டு எட்டு வயதுக் குழந்தை மனித குலத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யும் கதைகளை நிறையப் படித்துவிட்டேன். அந்த வயதில் எனக்கு மாங்காய் பற்றித்தான் கருத்து இருந்தது.

மாண்டில் குடும்பத்தின் கதையில் இன்னொரு படமும் உண்டு. நோவி சாட்டில் இருந்தபோது, கடை விளம்பரத்துக்காக மோஷே தன் இரண்டு குழந்தைகளையும் அலங்கரித்த கிறிஸ்துமஸ் மரத்துக்கு முன்னால் நிறுத்தி ஒரு படம் எடுத்திருந்தார். யூதக் குடும்பம்தான், ஆனால் வாடிக்கையாளர்கள் கிறிஸ்தவர்கள் ஆயிற்றே. தப்பி ஓடும் வழியில் ஜெர்மானியர் சோதனையில் மாட்டியபோது, நாங்கள் யூதர்கள் இல்லை என்று சொல்லி அந்தப் படத்தைக் காட்டினார். விட்டுவிட்டார்கள். இதை நான் ஏற்காட்டில் சொன்னபோது குழந்தைகள் நம்பவில்லை. நான் உடனே நம்பினேன். எங்கள் கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருந்த மாதிரிப் படங்களில் ஒன்று நான்தான். பட்டுப்பாவாடை, நெற்றிச்சுட்டி, கையில் குத்துவிளக்குத் திரி ஏற்றும் குச்சி. நவராத்திரி சீசனுக்காக அத்தா எடுத்தது. அந்தப் படத்தைப் பார்த்து யாரும் என்னை ராவுத்தர் வீட்டுப் பெண் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். தொழில்காரன் தன் பிள்ளையைத்தான் முதலில் மாடலாக நிறுத்துவான், காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஏற்காடு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். என்னிடம் படித்த ஒருவன் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக, அதாவது கணக்கெழுதுபவனாக இருக்கிறான். தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு விடுமுறை நாளில் கதை சொல்ல வாருங்கள் டீச்சர் என்று கூப்பிட்டான். பழக்கமாகிவிட்டது. கோரிமேட்டைத் தாண்டி அடிவாரம் வந்து, இருபது கொண்டைஊசி வளைவுகளையும் கண்ணை மூடிக்கொண்டே கடந்து, ஒண்டிக்கடையில் இறங்கினால் அவன் வண்டியோடு நிற்பான். கையில் ஒரு பை நிறையச் சேலத்துத் தட்டுவடை. கதை பிடிக்காவிட்டாலும் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதற்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும்.

யூதர்கள் யார் என்று கேட்டேன். பைபிள் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் கையைத் தூக்கினார்கள். ஒருத்தி மட்டும், "அவர்கள் இப்போதும் இருக்கிறார்களா டீச்சர்?" என்றாள். இருக்கிறார்கள் என்றேன். கொச்சியில் இருந்தார்கள், இன்னும் வெகு சிலர் இருக்கிறார்கள், கொல்கத்தாவில் இருக்கிறார்கள், அங்கே அவர்களுடைய ஜெப ஆலயங்களைப் பரம்பரையாகப் பார்த்துக்கொள்பவர்கள் முஸ்லிம்கள் என்றேன். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பைபிளில் வருகிற ஆட்கள் கொல்கத்தாவில் இருக்கிறார்கள் என்பதே அவளுக்குப் போதுமான செய்தியாக இருந்தது.

ஹிட்லரைப் பற்றி எவ்வளவு சொல்வது என்பதுதான் இந்த வகைக் கதைகளில் சிக்கல். கொல்லப்பட்ட யூதர்கள் அறுபது லட்சம் என்ற எண்ணைச் சொல்லிவிட்டு ஒன்பது வயதுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் அங்கே ஒன்றும் நடந்திருக்காது. எண் பெரிதாகப் பெரிதாக அவர்களுக்குத் தூரமாகிறது. அதனால் நான் தூரத்தைச் சொன்னேன். திரானாவிலிருந்து க்ரூயா ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர், சேலத்திலிருந்து நீங்கள் இருக்கும் இடம் வரை எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு. க்ரூயா இத்தனை உயரம் இல்லை. ஆனால் அங்கேயும் சமவெளியிலிருந்து மலை ஏற வேண்டும். கூட இரண்டு சின்னப் பிள்ளைகள். சாலையில் ஜெர்மன் ராணுவ வண்டிகள் போகும், எனவே சாலையில் போக முடியாது. அடிவாரத்திலிருந்து சாலையைத் தொடாமல் ராத்திரியில் எப்படி வருவீர்கள்?

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் பேச வேண்டியிருக்கவில்லை. எந்த ஓடையைப் பிடித்து ஏறலாம், எங்கே பாறை வழுக்கும், எந்த எஸ்டேட் நாய் குரைக்கும், காட்டெருமை எந்தப் பக்கம் நிற்கும் என்று ஒரு மணி நேரம் சண்டை. காபிச் செடிக்குள் உட்கார்ந்தால் பகலில் யாருக்கும் தெரியாது என்றான் ஒருவன். பழம் எடுக்கும் காலமாக இருந்தால் ஆள் வருவார்களே என்று இன்னொருத்தி மடக்கினாள். இவர்களுடைய தாத்தாக்கள் பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடந்தே ஏறியவர்கள்.

க்ரூயாவில் மோஷேயும் கப்ரியேலாவும் இருந்தது கால்நடைக் கொட்டகைக்கு மேலே இருந்த சின்ன அறையில். காவ்ராவும் இரேனாவும் வெசெலி வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து வெளியில் திரிந்தார்கள். கொஞ்ச நாளில் ரெஃபிக்கின் அண்ணன் தம்பிகளில் ஒருவரான ஜெமால் திரானாவிலிருந்து இன்னொரு யூதக் குடும்பத்தையும் அழைத்து வந்துவிட்டார். ரெஃபிக்கின் தாய் ஃபாத்திமேவுக்கும் தந்தை வெசெலுக்கும் ஒரே கொட்டகை, இப்போது இரட்டை வேலை. என் பிரதியில் இந்த இடத்தை இரண்டு வரியில் கடந்திருந்தேன். பிள்ளைகள் கடக்க விடவில்லை.

பெட்டிக்கடைக்காரர் மகன் ஒருவன் கேட்டான்: "இத்தனை பேருக்கு மாவு வாங்கினால் கடைக்காரருக்குத் தெரிந்துவிடுமே டீச்சர்? எங்கள் அப்பாவுக்கு யார் வீட்டில் விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று சர்க்கரை வாங்குவதை வைத்தே தெரியும்." மாடு வைத்திருக்கும் வீட்டுப் பெண் அவனுக்குப் பதில் சொன்னாள். மாவு வெளியில் வாங்க வேண்டாம், மாடு இருக்கும் வீட்டில் பால் இருக்கும். அதோடு, கீழே மாடு கட்டியிருந்தால் மேலே ஆள் இருமுவது தெரியாது. மாடு எப்போதும் எதையாவது இடித்துக்கொண்டேயிருக்கும். ராத்திரியில் சூடாகவும் இருக்கும். ஆனால் ஈ மொய்க்கும். அப்புறம் கக்கூஸுக்கு எங்கே போவார்கள்? சாணியோடு சேர்த்து அள்ளிவிட்டால் யாருக்கும் தெரியாது. யார் அள்ளுவார்கள்? அந்த வீட்டு அம்மாதான்.

ஃபாத்திமே வெசெலியைப் பற்றி நான் எழுதியிருந்த மூன்று பக்கங்களைக் கிழித்துவிட்டு, காலையில் கொட்டகையைக் கூட்டுவதை மட்டும் வைத்துப் புதிதாக எழுதியது இதற்குப் பிறகுதான். முந்தைய பிரதியில் அவர் கண்ணில் கருணை ததும்பிக்கொண்டிருந்தது. இப்போதைய பிரதியில் அவருக்கு இடுப்பு வலி இருக்கிறது. கொஞ்சம் எரிச்சலும் இருக்கிறது. ஒரு மகனைப் பார்த்து மற்றொருவனும் இன்னொரு குடும்பத்தைக் கொண்டு வந்து நிறுத்தும்போது எந்தத் தாய்க்கும் வரக்கூடிய எரிச்சல். விருந்தாளிக்கு அடைக்கலம் என்று வாக்குக் கொடுத்துவிட்டால் உயிரே போனாலும் மீறக் கூடாது என்பது அந்த நாட்டு மலைவாசிகளின் பழைய கட்டுப்பாடு. அதைப் பற்றிப் பலரும் உருகி உருகி எழுதியிருக்கிறார்கள். கட்டுப்பாடு ஆண்கள் வாயிலிருந்து வரும். சாணியோடு சேர்த்து அள்ளுவது யார் என்று நாகலூர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது.

இனி என்னுடைய எரிச்சல். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தங்கை மகன் கேட்டான், "இந்தக் காலத்தில் யூதர் கதை எழுத உங்களுக்கு எப்படி மனம் வருகிறது பெரியம்மா?" காசாவில் இடிபாட்டுக்குள்ளிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்களைப் பார்த்துவிட்டுத் தூங்காமல் கிடந்த ராத்திரிகளில்தான் இதன் முதல் பகுதியை எழுதினேன் என்று பதில் போட்டேன். காவ்ராவுக்கும் இரேனாவுக்கும் 1943-இல் ஒரு கொட்டகை தேவைப்பட்டது, ஒருவர் கொடுத்தார். அதை எழுதுவதால் இன்று யார் வீட்டை யார் இடிக்கிறார்கள் என்ற கணக்கு மாறிவிடாது. அவன் ஒரு கைகூப்பும் படத்தை அனுப்பிவிட்டு நிறுத்திக்கொண்டான்.

அவனையாவது புரிந்துகொள்ள முடிகிறது. என்னோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் போன் செய்து, "எல்லா முஸ்லிம்களும் அப்படியில்லை என்று காட்ட இது நல்ல கதை" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எப்படியில்லை என்று நான் கேட்கவில்லை. வெசெல் வெசெலி மாட்டுக்கு வைக்கோல் போட்டபோது சேலம் கோட்டையில் இருக்கும் எனக்கு நற்சான்றிதழ் வாங்கித் தரும் எண்ணத்தில் போட்டிருக்க மாட்டார்.

சான்றிதழாக எழுதப் போனால் பொய் சொல்ல வேண்டி வரும் என்பதுதான் பெரிய தொல்லை. க்ரூயாவின் கோட்டையிலிருந்து 15-ஆம் நூற்றாண்டில் துருக்கியரை எதிர்த்து நின்ற ஸ்கந்தர்பேக் அல்பேனியர்களின் தேசிய வீரர். அவர் பெயரையே வைத்து 1944-இல் ஜெர்மானியர்கள் எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் பிரிவு ஒன்றைத் திரட்டினார்கள். அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் அல்பேனிய முஸ்லிம்கள். ப்ரிஷ்டினாவில், மாண்டில் குடும்பம் ஒரு காலத்தில் சிறையில் இருந்த அதே ஊரில், யூதர்களைச் சுற்றிவளைத்துப் பிடித்துக் கொடுத்தது அந்தப் படைதான். போஸ்னியாவிலும் முஸ்லிம்களைச் சேர்த்து அப்படி ஒரு பிரிவு இருந்தது. இதைக் குழந்தைக் கதையில் எங்கே வைப்பது? நான் வைத்திருக்கிறேன். ரெஃபிக்கோடு பள்ளியில் படித்த ஒருவன் (இவன் என் கற்பனை) சீருடையோடு ஊருக்கு வருகிறான். தொப்பியில் மண்டையோடு. வெசெலி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடிக்கிறான், மேலே ஆள் இருக்கிறார்கள். கதையிலேயே பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்ட இடம் அதுதான்.

பாரிஸ் பெரிய பள்ளிவாசலைப் பற்றி எழுதலாமே என்று பலர் சொல்கிறார்கள். 1926-இல் திறக்கப்பட்ட அந்தப் பள்ளிவாசலில், அதன் தலைவர் பென்காப்ரித் யூதர்களுக்கு முஸ்லிம் என்று சான்றுகள் கொடுத்தார் என்பார்கள். சலீம் ஹலாலி என்ற அல்ஜீரிய யூதப் பாடகர் அப்படித் தப்பியவர். ஆனால் எத்தனை பேரை அந்தப் பள்ளிவாசல் காப்பாற்றியது என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், ஒருவர் சொல்லும் எண்ணுக்கும் இன்னொருவர் சொல்லும் எண்ணுக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். குழந்தைகளுக்கு எழுதுபவர்கள் பெரிய எண்ணையே எடுத்துக்கொள்கிறார்கள். சந்தேகம் இருக்கும் இடத்தில் எனக்குக் கை ஓடாது.

நூர் இனாயத் கானை எழுதச் சொல்பவர்களும் உண்டு. திப்பு சுல்தானின் வழித்தோன்றல், 1792 உடன்படிக்கையில் திப்பு வெள்ளையரிடம் இழந்த சீமைகளில் எங்கள் சேலமும் உண்டு, திருமணிமுத்தாற்றங்கரைப் பள்ளிவாசலையே திப்பு கட்டியதாகத்தான் இங்கே சொல்வார்கள், ஆகவே நம் ஊர்ப் பெண் மாதிரி என்று வாதம். நூர் குழந்தைகளுக்காக, புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளைத் திருப்பி எழுதியவர், பிரிட்டனுக்காகப் பாரிஸில் ரகசிய வானொலிச் செய்தி அனுப்பியவர், 1944 செப்டம்பர் 13 அன்று ஜெர்மனியின் டாக்காவ் வதைமுகாமில் சுட்டுக் கொல்லப்பட்டவர். மகத்தான வாழ்க்கை. ஆனால் அது அடைக்கலக் கதை இல்லை. அந்த முடிவை ஒன்பது வயதுக்குச் சொல்ல எனக்குத் துணிச்சலும் இல்லை.

மாண்டில் கதைக்கோ ஒன்பது வயதுக்கும் சொல்லக்கூடிய பின்பகுதி இருக்கிறது, அதனால்தான் விட முடியவில்லை. போர் முடிந்ததும் அவர்கள் நோவி சாட்டுக்குத் திரும்பி ஸ்டூடியோவைத் திறந்தார்கள். ரெஃபிக்கை எங்களோடு வந்து தங்கித் தொழிலை முழுதாகக் கற்றுக்கொள் என்று அழைத்தார்கள். அவரும் போனார். மாண்டில் குடும்பம் இஸ்ரேலுக்குக் குடிபெயரும் வரை அங்கேதான் இருந்தார். பாதியில் நின்ற தொழிற்கல்வியை மாஸ்டர் முடித்துக் கொடுத்திருக்கிறார்! கொட்டகையில் தங்கிய கணக்கு ஒருபக்கம் இருக்கட்டும், டச்சிங் கற்றுத்தராமல் பையனை விட்டுவிடலாமா? அத்தா இருந்திருந்தால் இந்த இடத்தில் தலையை ஆட்டியிருப்பார். பல ஆண்டுகள் கழித்துக் காவ்ரா, அவரும் போட்டோகிராபர்தான், வெசெலி குடும்பத்தைப் பற்றி ஜெருசலேமில் உள்ள யாத் வாஷெம் நினைவகத்துக்கு எழுதினார். 1987-இல் வெசெல், ஃபாத்திமே, ரெஃபிக் மூவருக்கும், யூதர்களைக் காப்பாற்றிய மற்றவர்களுக்கு அந்த நினைவகம் தரும் 'நாடுகளிடையே நேர்மையாளர்' என்ற பட்டம் கிடைத்தது. அல்பேனியர்களில் அவர்கள்தான் முதல்வர்கள்.

போருக்கு முன் அல்பேனியாவில் இருந்த யூதர்கள் சுமார் 200 பேர். போர் முடிந்தபோது அதைப் போலப் பல மடங்கு இருந்தார்கள், ஜெர்மானியர்கள் பிடித்த ஐரோப்பிய நாடுகளில் வேறெங்கும் கேள்விப்படாத விஷயம். இந்தத் தகவலைக் கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பாகத்தான் போட்டிருக்கிறேன். கதைக்குள் போட்டால் யாராவது பாத்திரம் அதைச் சொல்ல வேண்டும், அந்தச் சமயத்தில் யாருக்கும் அது தெரியாது.

கதை முடிந்ததும் மாட்டுக்காரப் பெண் நேராகவே கேட்டுவிட்டாள், "இதில் பெண் பிள்ளை ஒன்றுமே செய்யவில்லையே?" இரேனா தும்மலை அடக்கினாளே என்றேன். அது ஒரு வேலையா என்பது போல் பார்த்தாள். அவளுக்காக இப்போது போஸ்னியாவின் சராயேவோ நகரத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1941 ஏப்ரலில் ஜெர்மானியர்கள் குண்டு போட்டு வீடு இடிந்துபோன கவிலியோ என்ற யூதக் குடும்பத்தை முஸ்லிம்களான ஹர்தகா குடும்பத்தார் தங்கள் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். அதே ஆண்டு எடுத்த ஒரு படம் இருக்கிறது. இரண்டு பெண்கள் தெருவில் குழந்தைகளோடு நடக்கிறார்கள். ஸைனெபா ஹர்தகா தன் முக்காட்டால், கூட வரும் ரிஃப்கா கவிலியோவின் கையில் இருக்கும், யூதர் என்று காட்டும் மஞ்சள் அடையாளத்தை மறைத்துக்கொண்டு போகிறார். யூதர்களுக்கு உதவியதற்காக ஸைனெபாவின் தந்தை அகமது சாதிக்கை குரோவேஷியாவின் யாசெனோவாக் வதைமுகாமில் கொன்றார்கள். 1994-இல், போஸ்னியப் போரின்போது, சராயேவோ முற்றுகையில் மாட்டிக்கொண்டிருந்த ஸைனெபாவையும் குடும்பத்தையும் வெளியே கொண்டு வரப் பாடுபட்டவர்களில் கவிலியோ குடும்பத்தாரும் இருந்தார்கள். இதிலும் ஒரு போட்டோ வந்துவிட்டது பார்த்தீர்களா. முக்காட்டை எந்தத் தோளில் போட்டால் எந்தக் கை மறையும் என்று கண்ணாடி முன்னால் நின்று போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

ஆனால் முதலில் ரெஃபிக் வெளிவர வேண்டும். சிறிய பதிப்பகம் ஒன்று வயதைத் தொடாமல் போட ஒப்புக்கொண்டிருக்கிறது. அவர்களுடைய ஓவியருக்கு இருபத்து நான்கு வயது. இருட்டறையை அவர் பார்த்ததே இல்லை. அனுப்பிய முதல் ஓவியத்தில் ரெஃபிக் ஜன்னல் ஓரம் வெயிலில் நின்று பிலிம் கழுவுகிறான். அத்தா கடையின் சாமான்கள் எல்லாம் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன. சேலத்திலோ பக்கத்து ஊர்களிலோ யாரிடமாவது பழைய என்லார்ஜர், சிவப்பு விளக்கு, எனாமல் தட்டுகள், படம் பளபளப்பாக்கும் தகடு, எது இருந்தாலும் சரி, கீழே எழுதுங்கள். இரண்டு வாரம் கொடுத்தால் போதும், ஓவியரை அழைத்துக்கொண்டு நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். தட்டில் கறை இருந்தால் தேய்த்துவிடாதீர்கள், அந்தக் கறையும் வரைய வேண்டும்.